பனிமலையில் வீரம்

சமவெளி நாட்டு மக்களுக்குப் பனி என்பது விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. கதிரவன் எழுந்ததும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும் மென்பொருள். குளிர்மிக்க மலைநாடுகளிலோ பனி ஒரு பேராற்றல். அது மாதக்கணக்கில் பொழிகின்றது, பாதைகளை மூடுகின்றது, ஊரை ஊரிலிருந்து பிரிக்கின்றது, மலைச்சரிவுகளில் ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து கிடக்கின்றது. ஆயினும், அந்நாடுகளில் வாழ்வோர் பனியைப் பகையாகக் கருதி வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. அதன்மேல் நடக்கவும், ஓடவும், சறுக்கவும் வழி கண்டனர். நீண்டு ஒடுங்கிய இரு கட்டைகளைக் கால்களில் பூட்டிக்கொண்டு சறுக்கும் ‘ஸ்கீ’ என்னும் முறை பல்லாயிரம் ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. அதனோடு ஒப்பிடும்போது, ‘ஸ்னோபோர்டு’ எனப்படும் பனிப்பலகை நேற்றுப் பிறந்த குழந்தையே ஆகும்.

பனிப்பலகையின் அமைப்பு மிக எளியது. அஃது அகன்ற ஒற்றைப் பலகை. வளர்ந்தோர் பயன்படுத்தும் பலகை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அதன் முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். பக்க விளிம்புகளில் எஃகுப் பட்டை பதித்திருக்கும். சறுக்குபவர் தம் இரு கால்களையும் பலகையின்மேல் குறுக்காக வைத்து இறுகப் பிணைத்துக்கொள்வார். கையில் ஊன்றுகோல் இராது. கால்விரற் பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு பனியைக் கீறும். குதிகாற் பக்கம் சாய்ந்தால் மற்றொரு விளிம்பு கீறும். இவ்விரு சாய்வுகளையும் மாற்றி மாற்றிக் கையாண்டு, வளைந்து வளைந்து இறங்குவதே இவ்விளையாட்டின் அடிப்படை. புதிதாகப் பொழிந்த மென்பனியில் இப்பலகை அமிழாமல் மிதந்து செல்லும். கடலலைமீது பலகையில் நின்று ஊரும் பசிபிக் தீவு மக்களின் விளையாட்டு, கடலை விட்டு மலையேறி வந்தாற்போன்ற தோற்றம் அப்போது உண்டாகும்.

உண்மையில், இவ்விளையாட்டு அத்தகைய எண்ணத்திலிருந்தே பிறந்தது. அமெரிக்க நாட்டில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பன் என்னும் பொறியாளர் வாழ்ந்தார். 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்து ஒரு பலகை செய்து கொடுத்தார். பனி, அலைச்சறுக்கு என்னும் பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கலந்து, அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று அவர் மனைவியார் பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது கடைக்கு வந்தது. அதில் காலைப் பிணைக்க வழியில்லை. முனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிறுவர் சறுக்கினர். அந்தப் பிள்ளை விளையாட்டில் ஒரு பெரிய விளையாட்டின் வித்து இருப்பதைச் சில இளைஞர் கண்டனர். அவர்களுள் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர். அவர் 1977ஆம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1979ஆம் ஆண்டு மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குக் கால் பிணைக்கும் அமைப்புடைய தம் பலகையோடு சென்றார். அப்பலகையைப் போட்டியில் சேர்ப்பதா, விலக்குவதா என்று வழக்கு எழுந்தது. முடிவில், அவருக்கெனத் தனிப் பிரிவு ஒன்று வகுக்கப்பட்டது. டாம் சிம்ஸ், டிமிட்ரியே மிலோவிச் முதலியோரும் வேறு வேறு இடங்களில் பலகையைத் திருத்தி வளர்த்தனர்.

புதியது எதுவாயினும் அதனைப் பழையது உடனே வரவேற்பதில்லை. பனிப்பலகைக்கும் அந்நிலையே நேர்ந்தது. மலைச்சரிவுகளில் சறுக்குத் தளங்களை நடத்தியோர் இதற்குக் கதவடைத்தனர். இப்பலகையில் செல்வோர் கட்டுக்கடங்காதவர் என்றும், பிறர்மேல் மோதுவர் என்றும், பனியைக் கெடுப்பர் என்றும் காரணம் கூறினர். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சறுக்குத் தளங்களுள் மிகச் சிலவே இவர்களுக்கு இடமளித்தன. வெர்மான்ட் மாநிலத்து ஸ்ட்ராட்டன் மலை, 1983ஆம் ஆண்டில் இடமளித்த முன்னோடித் தளங்களுள் ஒன்று. அக்காலத்தில் சில தளங்கள் முதலில் தேர்வு வைத்து, அதில் தேறியவரையே ஏற விட்டன. ஆயினும், இளைஞரின் ஆர்வம் தடையைவிட வலியதாக இருந்தது. 1990களின் முடிவுக்குள் பெரும்பாலான தளங்கள் கதவைத் திறந்தன. யூட்டா மாநிலத்து ஆல்ட்டா, டியர் வேலி, வெர்மான்ட் மாநிலத்து மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்றுமே அமெரிக்காவில் இன்றும் பனிப்பலகைக்கு இடங்கொடாத தளங்கள்.

1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகனோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பனிப்பலகை முதன்முறையாக இடம்பெற்றது. இருபது ஆண்டுகளுக்குப்பின், 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில், செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா என்னும் பெண்மணி ஸ்கீப் போட்டி ஒன்றிலும் பனிப்பலகைப் போட்டி ஒன்றிலும் பொற்பதக்கம் வென்றார். இரண்டு விளையாட்டுகளுக்கும் இடையே இருந்த பழம்பூசலுக்கு இதனைவிட நல்ல விடை வேண்டுவதில்லை.

இந்த வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. கதவடைத்த பெரியோர் அஞ்சியது எதனை? இளைஞரின் உடையை, ஓசையை, புதிய பழக்கத்தை. அவர்கள் காவல் செய்த தளங்களோ ஓரளவு பாதுகாப்பானவை. அங்கே பனி சமப்படுத்தப்படுகின்றது. ஆபத்தான இடங்களில் வேலி இடப்படுகின்றது. விழுந்தவரைத் தூக்கக் காவலர் இருக்கின்றனர். உண்மையாக அஞ்ச வேண்டிய இடம் அந்த வேலிக்கு அப்பால் இருந்தது. அதனைப்பற்றி அன்று பேசியோர் சிலரே.

வேலிக்கு அப்பால் இருப்பது பெருமலை. அங்கே வெட்டிய பாதை இல்லை. நட்ட கொடி இல்லை. யாரும் சமப்படுத்தாத பனியும் பாறையுமே உண்டு. அலாஸ்காவின் சுகாச் மலைத்தொடர், ஆல்ப்ஸ் மலையின் செங்குத்தான முகடுகள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகள் ஆகியவை இவ்வகைச் சறுக்கிற்குப் பெயர் பெற்றவை. வீட்டு மாடிப்படியின் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை இருக்கும். பெருமலையில் சறுக்குவோர் தேடும் சரிவுகளோ 45 பாகையையும் கடந்து நிற்பதுண்டு. அத்தகைய சரிவின் உச்சியில் நிற்பவருக்குத் தம் கால் முனைக்கு அப்பால் நிலமே தெரியாது. கீழே உள்ள பள்ளத்தாக்கு மட்டுமே தெரியும். முதல் வளைவை எடுத்தவுடன் மேற்பனி உதிர்ந்து, ஓடைபோல அவருடனே கீழ்நோக்கிப் பாயும். அந்த ஓடை தம்மை இழுத்துச் செல்லாதவாறு அவர் பக்கவாட்டில் விலகி அதற்கு வழிவிட வேண்டும். மீண்டும் தம் வழியைப் பற்ற வேண்டும். இவை யாவும் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியவை.

அந்த நொடிகளில் உள்ளம் அடையும் கிளர்ச்சியைப் பழித்தல் தகாது. மனிதன் தன் முழு அறிவையும் முழு உடலையும் ஒரே செயலில் செலுத்தும் வாய்ப்பு வாழ்க்கையில் அரிதாகவே வாய்க்கின்றது. அங்கே நேற்றைய கவலைக்கு இடமில்லை. நாளைய ஆசைக்கும் இடமில்லை. பாறைக்கும் பாறைக்கும் இடையே வெண்மையான ஒரு வழி. அவ்வழியே தன் கையெழுத்தைப்போல ஒரு கோடு. சிற்பி கல்லிலும் ஓவியன் சுவரிலும் பெறும் இன்பத்துக்கு இஃது உறவுடையது. புகழும் பரிசும் நிறைந்த போட்டிக் களத்தை விட்டு, யாரும் கைதட்டாத மலைக்கு வீரர் பலர் சென்றதன் காரணம் இதுவே. நார்வே நாட்டின் டெர்யே ஹாகோன்சன் தம் காலத்தின் தலைசிறந்த வீரருள் ஒருவர். நாகனோ ஒலிம்பிக்கை நடத்தும் பொறுப்பு ஸ்கீச் சங்கத்திடம் விடப்பட்டதை ஏற்காமல், அதில் கலந்துகொள்ளவே மறுத்துவிட்டார். அமெரிக்காவின் கிரெய்க் கெல்லி நான்கு முறை உலக வாகை சூடியவர். அவரும் புகழின் உச்சியிலேயே போட்டிகளை விட்டு விலகி மலைகளை நாடினார்.

ஆயினும், இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. பிறர் எவருக்கும் பயன்படாத ஒரு செயலுக்காக உயிரைப் பணயம் வைப்பது வீரமா, மடமையா? ‘போர்க்களத்தில் உயிர் விடுபவன் நாட்டுக்காக விடுகின்றான், தீயில் புகுபவன் பிறரைக் காக்கப் புகுகின்றான், பனிமலையில் பாய்பவன் யாருக்காகப் பாய்கின்றான்?’ என்று கேட்போர் உளர். அவ்வாறு கேட்பதை வெறுத்து ஒதுக்குதல் கூடாது. இறந்தவரைத் தேடி அதே ஆபத்தான சரிவில் ஏற வேண்டிய மீட்புப் படையினர்க்கும் உயிர் உண்டு. வீட்டில் காத்திருக்கும் தாய்க்கும் உள்ளம் உண்டு. ‘என் உயிர், என் விருப்பம்’ என்னும் சொல் அவர்கள்முன் எடுபடாது. மறுபுறம், ஆபத்து உள்ள யாவற்றையும் விலக்கினால் மனித இனம் கடலைக் கடந்திராது, வானில் பறந்திராது, எவரெஸ்டின்மேல் கால் வைத்திராது. ஆகவே, ஆபத்து உண்டா, இல்லையா என்பதை வைத்து ஒரு செயலை அளத்தல் இயலாது. அந்த ஆபத்தை ஒருவர் எவ்வாறு எதிர்கொள்கின்றார் என்பதே அளவுகோல் ஆகும்.

பெருமலையின் ஆபத்துகளுள் தலையாயது பனிச்சரிவு. மலைமேல் விழும் பனி ஒரே திரளாக இருப்பதில்லை; ஒவ்வொரு பொழிவும் ஒவ்வோர் அடுக்காகப் படிகின்றது. காற்றும் வெயிலும் குளிரும் ஒவ்வோர் அடுக்கையும் ஒவ்வொரு விதமாக மாற்றுகின்றன. சில வேளைகளில், உறுதியான மேலடுக்கின்கீழே, சர்க்கரைத் துகள்போல ஒட்டாத வலுவற்ற அடுக்கு ஒன்று மறைந்திருக்கும். மேலே ஒருவர் எடை பட்டதும் அவ்வடுக்கு நொறுங்கும். மேலடுக்கு முழுவதும் பலகைபோல் உடைந்து பெயர்ந்து இறங்கும். அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. இவ்வாறு பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளிலேயே உண்டாகின்றன. சறுக்குவோர் விரும்பும் சரிவுகளும் பெரும்பாலும் அவையே! இன்னும் கருதத்தக்கது ஒன்று உளது. மலையில் பொழுதுபோக்குவோரைக் கொல்லும் பனிச்சரிவுகளுள் பத்தில் ஒன்பது, அவராலோ அவர் குழுவினராலோ தூண்டப்பட்டவை. மலை தானாக வந்து அவரைத் தாக்கவில்லை. அவரே அதன் உறக்கத்தைக் கலைத்தார்.

சரிந்த பனி நின்றவுடன் சுண்ணச் சாந்துபோல் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டவர் விரலையும் அசைத்தல் அரிது. முதற் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படாதவர் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறைந்துவிடும். தொலைவிலிருந்து உதவி வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஆதலால், உடன் சென்றோரே காப்பாற்ற வேண்டும். அதன்பொருட்டு மலையேறுவோர் ஒவ்வொருவரும் மூன்று கருவிகளைக் கொண்டு செல்கின்றனர்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு வானொலிக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், தோண்டுவதற்கு ஒரு மண்வாரி. மலைநாடுகள் பலவற்றில் ஒவ்வொரு நாளும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடப்படுகின்றது. அதில் ஆபத்து ஐந்து படிகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஐந்தாம் படியே மிகக் கொடியது. ஆனால், மிகப் பலர் உயிரிழப்பது ஐந்தாம் படியில் அன்று, மூன்றாம் படியிலேயே. இதன் காரணம் வெளிப்படை. ஐந்தாம் படியில் எல்லோரும் வீட்டில் இருக்கின்றனர். மூன்றாம் படியிலோ ஆசை வழக்குரைஞனாகின்றது. ‘போகலாம்’ என்பதற்கு நூறு காரணம் காட்டுகின்றது.

அந்த ஆசையின் வழக்கை ஒருவர் ஆராய்ந்தார். அயன் மக்காமன் என்பார் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிக்கியோர் எவ்வாறு முடிவு செய்தனர் என்று நோக்கினார். மக்களை ஏமாற்றியது பெரும்பாலும் பனியன்று. அவர்தம் மனமே என்பது புலனாயிற்று. ‘இது பழகிய இடந்தானே’ என்னும் அலட்சியம். ‘புறப்பட்டோம், முடித்தே தீர்வோம்’ என்னும் பிடிவாதம். ‘தலைவர் அறிவார்’ என்னும் நம்பிக்கை. ‘மற்றவர் போகின்றனரே’ என்னும் துணிவு. பிறர் மதிப்பைப் பெறும் விருப்பம். யாரும் தொடாத பனியை முதலில் தொட வேண்டும் என்னும் போட்டி ஆகிய ஆறும் அவர் கண்ட கண்ணிகள். இவை பனிமலைக்கு மட்டும் உரியன அல்ல. ஆழம் அறியாத குளத்தில் குதிக்கும் சிறுவனும், தோழர் சிரிப்பர் என்று அஞ்சி ஓடும் வண்டியில் தொற்றும் மாணவனும் இக்கண்ணிகளில் விழுபவரே.

கல்வியும் பயிற்சியும் உடையவர் இக்கண்ணிகளுக்கும் மலைக்கும் தப்பிவிடுவர் என்று முடிவு கட்டுதல் எளிது. ஆனால், வரலாறு அவ்வளவு எளிய விடை தரவில்லை. பிரான்சு நாட்டின் மார்க்கோ சிஃப்ரெடி 2001ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், தம் இருபத்திரண்டாம் வயதில், எவரெஸ்டு உச்சியிலிருந்து அதன் வடபுறமாகப் பனிப்பலகையில் முழுவதும் இறங்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அதனினும் கடினமான வேறொரு வழியில் இறங்க எண்ணி உச்சியிலிருந்து தனியே புறப்பட்டார், திரும்பி வரவில்லை. போட்டியை விட்டு மலையை நாடிய கிரெய்க் கெல்லி, மலை வழிகாட்டி ஆவதற்கு முறையாகப் பயின்று வந்தார். 2003ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் நகருக்கு அண்மையிலுள்ள மலையில், ஒரு குழுவோடு ஏறும்போது பனிச்சரிவில் அகப்பட்டு மாண்டார். அவரோடு இறந்தோர் மேலும் அறுவர். நாகனோவில் பெண்களுக்கான நெடுஞ்சறுக்கில் பொற்பதக்கம் வென்ற பிரெஞ்சுப் பெண்மணி கரீன் ரூபியும் பின்னர் மலை வழிகாட்டும் தொழிலை மேற்கொண்டார். 2009ஆம் ஆண்டு மே மாதம், மோன் பிளான் மலையில், பிறரோடு கயிற்றில் பிணைந்து செல்லும்போது பனியாற்றுப் பிளவில் வீழ்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31.

இவர்கள் அறியாமையால் அழிந்தவர் என்று கூறுவது பிழை. ‘அறிவிருந்தும் அழிந்தனரே; அறிவால் என்ன பயன்?’ என்று கேட்பது அதனினும் பெரும்பிழை. மருத்துவம் கற்றோரும் இறக்கின்றனர். அதனால் மருத்துவம் வீணாகிவிடாது. அறிவு ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. மலைக்கு வாகையர் யார், மாணாக்கர் யார் என்பது தெரியாது. தம் பெயரும் பதக்கமும் அங்கே செல்லா என்பதை உணர்தலே மலையறிவின் கடைசிப் பாடம். அவ்வடக்கம் இல்லாத அறிவு செருக்காக மாறும்.

மேலே கூறிய துயரத்தோடு அந்த ஆண்டு முடியவில்லை. கெல்லி இறந்து இரண்டு வாரங்களும் ஆகாத நிலையில், 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அதே மலைநாட்டில் ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகே ஸ்கீப் பயணம் சென்ற பள்ளி மாணவர் எழுவர் பனிச்சரிவில் மடிந்தனர். கனடா நாடே கலங்கியது. ஆனால், அழுததோடு அந்நாடு நின்றுவிடவில்லை. மறு ஆண்டே பொதுமக்களுக்குப் பனிச்சரிவு பற்றி அறிவிக்கவும் கற்பிக்கவும் தேசிய நிலையம் ஒன்று அமைந்தது. மலைப்பகுதிகளை ஆபத்தின் அளவுக்கேற்ப எளியது, கடியது, மிகக் கடியது எனத் தரம் பிரிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. சிறுவரை அழைத்துச் செல்லும் குழுக்களுக்குத் தனி விதிகள் ஏற்பட்டன. மலையை மூடிவிடுதல் எளிதாக இருந்திருக்கும். மூடாமல், அதனைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே அறிவுடைய செயல்.

பனிப்பலகை உலகிலும் இத்தகைய தெளிவு வளர்ந்துள்ளது. சுவிட்சர்லாந்தின் வெர்பியே ஊருக்கு மேலே 3,222 மீட்டர் உயரமுள்ள பெக் தே ரோஸ் என்னும் சிகரம் நிற்கின்றது. 1996ஆம் ஆண்டு முதல் அங்கே பெருமலைப் போட்டி நடந்து வருகின்றது. தொடக்கத்தில் அது பனிப்பலகை வீரர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. இத்தகைய போட்டிகளில் வீரர் முன்னதாகச் சரிவில் இறங்கிப் பழகுவதில்லை. எதிரிலிருந்து தொலைநோக்காடி கொண்டு ஒவ்வொரு பாறையையும் மடிப்பையும் மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். நடுவர் பாய்ச்சலின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. தேர்ந்த வழி, தடையற்ற ஓட்டம், தன்னடக்கம் ஆகியவற்றையும் மதிப்பிடுகின்றனர். பனி உறுதியாக இல்லையெனில் போட்டியே தள்ளி வைக்கப்படுகின்றது. காத்திருத்தலும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்பதை அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டுள்ளனர்.

அமெரிக்க வீரர் ஜெரமி ஜோன்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஒரு காலத்தில் ஹெலிகாப்டரில் உச்சிக்குச் சென்று இறங்கியவர், பின்னர் அதனை விட்டுக் கால்நடையாகவே ஏறத் தலைப்பட்டார். 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘டீப்பர்’ என்னும் படம் அம்முயற்சியைக் காட்டுவது. இதற்குதவும் பலகை நெடுக்காக இரண்டாகப் பிரியும். பிரிந்த பகுதிகளின் அடியில், பின்னோக்கி வழுக்காத மயிர்ப்பட்டை ஒட்டி, ஸ்கீபோல் பூட்டிக்கொண்டு ஏறலாம். உச்சியில் மீண்டும் ஒன்றாக இணைத்து இறங்கலாம். ஏறுவதற்குப் பல மணி நேரம்; இறங்குவதற்குச் சில நிமிடம். இது வீண் உழைப்பு என்று தோன்றலாம். ஆனால், அடியடியாக ஏறுபவர் பனியின் அடுக்கைக் காலால் உணர்கின்றார். காற்றின் திசையைக் காண்கின்றார். ஓரிடத்தில் பள்ளம் தோண்டி உள்ளடுக்கைச் சோதிக்கின்றார். இறங்கும் வழியை ஏறும்போதே படித்துவிடுகின்றார். ஐயம் எழுந்தால் திரும்பிவிடுகின்றார்.

இங்கேதான் பார்ப்பவருக்கும் ஒரு பொறுப்பு வருகின்றது. திரைப்படம் மூன்று நிமிடச் சறுக்கைக் காட்டும். அதற்கு முன் காத்திருந்த மூன்று வாரத்தைக் காட்டாது. உச்சி வரை சென்று, பனியைச் சோதித்து, ‘இன்று வேண்டா’ என்று திரும்பிய வீரரின் முகத்தைக் காட்டாது. காட்டினாலும் கைதட்டுவோர் சிலரே. பாய்ந்தவரை மட்டும் போற்றி, திரும்பியவரைக் கோழை என்று எள்ளும் கூட்டம், அடுத்த இளைஞனின் காலைப் படுகுழியை நோக்கித் தள்ளுகின்றது. அவன் வீழ்ந்தபின் அதே கூட்டம் அவனை மடையன் என்றும் ஏசுகின்றது. இவ்விரண்டு குற்றங்களிலிருந்தும் சமுதாயம் விலகுதல் வேண்டும்.

பனிப்பலகையின் வளர்ச்சி தடையை மீறிய இளமையின் வெற்றி. மிச்சிகன் வீட்டுச் சிறுமியர் விளையாட்டு, ஐம்பது ஆண்டுகளுக்குள் உலகின் உயர்ந்த சிகரங்களை எட்டியது. அத்தகைய ஆர்வம் இன்றி எந்தப் புதுமையும் பிறப்பதில்லை. ஆயினும், ஆர்வம் குதிரை என்றால் அறிவு கடிவாளம். கடிவாளம் இல்லாத குதிரை விரைந்து ஓடும். ஏறியவனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பது யாருக்கும் தெரியாது. உண்மை வீரன் அச்சமே இல்லாதவன் அல்லன். தன் அச்சத்தின் சொல்லைக் கேட்டு, அது மெய்யா பொய்யா என்று ஆராயத் தெரிந்தவன். பொய்யச்சம் ஆயின் அதனைக் கடந்து செல்வான். மெய்யச்சம் ஆயின், தோழர் நகைத்தாலும், புகழ் கைநழுவினாலும், வந்த வழியே திரும்பி நடப்பான்.

பனிமலையைக் காணாத நாட்டு இளைஞர்க்கும் இப்பாடம் உரியதே. ஆறும் கடலும் சாலையும் எல்லா ஊர்களிலும் உண்டு. ‘குதி, பார்ப்போம்’ என்று தூண்டும் குரலும் எல்லா ஊர்களிலும் உண்டு. அக்குரலுக்கு இணங்காமல் திரும்பியவரைப் பார்த்து எவரும் கைதட்டப் போவதில்லை. ஆயினும், மலை அங்கேயே நிற்கும். நல்ல நாள் மீண்டும் வரும். அந்நாளில் ஏறி இறங்க அவர் இருப்பார்.